சாலையை வெட்டாமல் சிறுபாலத்தைக் காப்பாற்ற முடியுமா?



ஆண்டு மலருக்கு "கல்வெர்ட் பற்றி எழுதப் போறேன்" என்று சொன்னதும், மலர்க்குழு நண்பன் ஒருவன், "நல்லது, எந்தக் கோயில் கல்வெட்டு?" என்று கேட்டான். கோயில் கல்வெட்டைப் படிக்க ஆள் இருக்கிறார்கள். சாலைக்கு அடியில் இருட்டில் கிடக்கும் நம்ம கல்வெர்ட்டைத் திரும்பிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அதனால் இந்தக் கட்டுரை.

சாலைக்குக் குறுக்கே தண்ணீர் போவதற்கு விடும் சிறிய வழிதான் கல்வெர்ட். மொத்த நீளம் 6 மீட்டருக்குள் இருந்தால் கல்வெர்ட், அதற்கு மேலே போனால் பாலம் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். நெடுஞ்சாலைக்காரர்கள் சிறுபாலம் என்பார்கள். எங்க ஊரில் மதகுன்னு சொல்லுவாங்க. குழாய், பெட்டி, கல் பலகை, செங்கல் வளைவு எனப் பல வகை உண்டு. குழாய் வகையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இந்தத் தலைப்பு?

எங்கள் வீடு கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம். அப்பா ரோடு வேலைக்குப் போகும் கூலி. சின்ன வயசில் தூக்குச்சட்டியில் கூழ் எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போவேன். பல நாள் எனக்குத் தெரிந்தது அவருடைய இரண்டு கால்கள் மட்டும்தான். மீதி உடம்பு குழாய்க்குள் இருக்கும். உள்ளே படுத்துக்கொண்டே மண்ணைச் சுரண்டிப் பாண்டுச்சட்டியில் தள்ளுவார், வெளியே இருப்பவர் கயிற்றால் இழுப்பார்.

நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் ஊர் ரோட்டில் ஒரு மதகின் மேலே பள்ளம் விழுந்தது. கரும்பு டிராக்டர்கள் ஓடி ஓடிக் குழாய் இணைப்பு விலகிவிட்டது. குறுக்கே வெட்டினார்கள். வெட்டிய மூன்றாம் நாள் மழை. பக்கத்தில் போட்ட மண் பாதையும் போய்விட்டது. பதினொரு நாள் பஸ் இல்லை. வெட்டிய கரும்பு வயலிலேயே காய்ந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடையில் இறங்கி நடந்தோம். பிறகு புதுக் குழாய் போட்டு மூடினார்கள். அடுத்த வருஷமே அதே இடத்தில் ரோடு மறுபடி அமுங்கியது. மூடிய மண்ணைச் சரியாகத் திமிசு போட்டு இறுக்கவில்லை என்பது சாயில் மெக்கானிக்ஸ் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் சார், "டிரெஞ்ச்லெஸ்" என்று ஒரு வார்த்தை சொன்னார். பள்ளம் தோண்டாமல் நிலத்தடிக் குழாயைப் பழுது பார்ப்பது என்று அர்த்தம். அன்றிலிருந்து இதைத் தேடித் தேடிப் படிக்கிறேன்.

வெட்டினால் எவ்வளவு மண்?

ஒரு சின்னக் கணக்கு. குழாயின் அடி சாலை மட்டத்திலிருந்து 4 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பள்ளத்தின் அடி அகலம் 2 மீட்டர். பக்கங்கள் சரியாமல் இருக்க ஒன்றுக்கு ஒன்று சரிவு கொடுத்தால் மேலே அகலம் 10 மீட்டர். சராசரி 6 மீட்டர். சாலை அகலம் 7 மீட்டர் என்றால் 6 x 4 x 7 = 168 கன மீட்டர் மண். இதை எடுக்கணும், குவிக்க இடம் வேணும், திரும்பப் போட்டு அடுக்கடுக்காக இறுக்கணும். சமவெளியில் மாற்றுப்பாதை விடலாம். வெள்ளிமலைக்குப் போகும் மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். மாற்றுப்பாதை எங்கே விடுவது?

ஆனால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். குழாய்க்கு மேல் அரை மீட்டர் மண்தான் இருக்கிறது, வண்டியும் குறைவு, பக்கத்தில் வேறு வழியும் உண்டு என்றால் வெட்டி மாற்றுவதே மலிவு. வெட்டாத முறை எல்லா இடத்துக்கும் மருந்து அல்ல.

சிறுபாலம் எப்படிச் சாகிறது?

சிறுபாலம் ஒரே நாளில் விழுவதில்லை. நான்கு வழிகளில் மெதுவாகச் சாகிறது.

1. அடி தேய்தல்: மலை ஓடையில் தண்ணீரோடு கல்லும் மணலும் உருண்டு வரும். குழாயின் அடிப்பாகம் அரைபட்டுக் கம்பி வெளியே தெரியும். பிறகு துரு.

2. இணைப்பு விலகல்: துண்டு துண்டான குழாய்களில் ஒன்று அமுங்கினால் இடைவெளி விழும். மேலே உள்ள மண் அந்த வழியாக உள்ளே வடியும்.

3. வெளியே பொந்து: தண்ணீர் குழாய்க்கு உள்ளே போகாமல் அதன் வெளிப்பக்கத்தை ஒட்டி ஓடி மண்ணை அரித்துவிடும். மேலே தார் ரோடு முழுசாகத் தெரியும், அடியில் காற்றுதான் இருக்கும். மிக ஆபத்தானது இதுதான்.

4. வாய் அடைத்தல்: கிளை, குப்பை, பிளாஸ்டிக். தண்ணீர் போக வழியில்லாமல் ரோட்டின் மேலேயே ஏறி, மறு பக்கக் கரையை அறுத்துவிடும்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் நமக்கெல்லாம் மறந்திருக்காது. பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. நம்ம மாவட்டமும் தண்ணீரில் தவித்தது. அந்த மாதிரி மழை, பழுதான சிறுபாலத்துக்கு அவகாசம் கொடுக்காது.

முதல் பாடம்: உள்ளே பார்ப்பது

வெட்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. தோண்டத் தோண்ட நோய் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெட்டாமல் வேலை செய்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் அவன் முன்னாடியே இரண்டு மடங்கு பார்க்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி இந்த வேலைக்காகவே சொன்னது போல் இருக்கிறது!

முதலில் மண்ணை அள்ளிக் கழுவ வேண்டும். சின்னக் குழாய்க்குள் சக்கர வண்டியில் கேமரா அனுப்புவார்கள். அது இல்லாத இடத்தில் ஒரு நீள மூங்கிலில் செல்போனையும் டார்ச்சையும் கட்டி உள்ளே நீட்டினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். குழாயின் குறுக்களவை மேல் கீழாகவும் பக்கவாட்டிலும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் குழாய் நசுங்கிக்கொண்டிருக்கிறது. லெவல் வைத்து இரண்டு முனையின் மட்டத்தையும் எடுக்க வேண்டும்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "கடப்பாரையால தட்டிப் பாரு, சத்தமே சொல்லும். கெட்டியா இருந்தா 'டங்'குனு கேக்கும், பின்னால பொந்து இருந்தா 'தொப்'புனு கேக்கும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். "மழை விட்டு ரெண்டாம் நாள் போய் நில்லு. மேல தெளிஞ்ச தண்ணியா போய், கீழ கலங்கலா வந்துச்சுன்னா உள்ள எங்கயோ மண்ணு கரையுது." தட்டிச் சத்தம் கேட்டுச் சோதிக்கும் முறை நம் பாடத்திலும் இருக்கிறது. அப்பா எந்தப் பாடப் புத்தகமும் படிக்காமல் இருபது வருஷமாக அதைச் செய்துகொண்டிருக்கிறார்.

வெட்டாத வழிகள்

(அ) இணைப்பை அடைத்தலும் கிரவுட் செலுத்துதலும்: விலகிய இணைப்பை உள்ளிருந்து அடைத்துவிட்டு, சிறு துளை போட்டு, பின்னால் உள்ள பொந்தில் சிமெண்ட் பாலை அழுத்தமாகச் செலுத்துவது. குழாய் நன்றாக இருந்து மண் மட்டும் போயிருந்தால் இதுவே போதும்.

(ஆ) அடிப்பாகம் போடுதல்: கோடையில் ஓடையை மணல் மூட்டையால் திருப்பிவிட்டு, தேய்ந்த அடிக்கு மட்டும் வலைக்கம்பி வைத்துக் கான்கிரீட் போடுவது. ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் அளவுள்ள குழாய்க்கும் பெட்டிப் பாலத்துக்கும் ஏற்றது. நம்ம பகுதிக் கொத்தனாரே செய்யக்கூடியது.

(இ) குழாய்க்குள் குழாய்: பழைய குழாய்க்குள் கொஞ்சம் சிறிய எச்.டி.பி.இ. குழாயையோ கண்ணாடி இழைக் குழாயையோ நுழைத்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் கிரவுட் நிரப்புவது. இதை ஸ்லிப்லைனிங் என்பார்கள்.

(ஈ) சுருள் உறை: பி.வி.சி. பட்டையைக் குழாய்க்குள்ளேயே கூடை பின்னுவது போலச் சுற்றிக்கொண்டு போவது. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த முறை.

(உ) உள்ளேயே இறுகும் உறை: பிசினில் ஊறிய துணிக் குழாயைத் தலையணை உறையைத் திருப்புவது போலத் தண்ணீர் அழுத்தத்தால் உள்பக்கம் வெளியாகத் திருப்பிக்கொண்டே உள்ளே அனுப்புவார்கள். பிறகு சூடான தண்ணீர் விட்டால் பிசின் இறுகி, பழைய குழாய்க்குள் இணைப்பே இல்லாத புதுக் குழாய் ஆகிவிடும். இங்கிலாந்தைச் சேர்ந்த எரிக் வுட் என்பவர் 1971-ல் லண்டன் ஹாக்னி பகுதியில், நூறு வருஷப் பழைய செங்கல் கழிவுநீர்க் கால்வாயில் சுமார் 70 மீட்டர் நீளத்துக்கு இதை முதன்முதலில் செய்தார்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். கல்கத்தா நகரத்தில் வில்லியம் கிளார்க் என்ற பொறியாளரின் திட்டப்படி 1859 முதல் 1875 வரை செங்கல் கழிவுநீர்ச் சுரங்கங்கள் கட்டினார்கள். நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆனதும் சாந்து போய், செங்கல் உதிர ஆரம்பித்தது. மேலே நெருக்கடியான தெருக்கள், வெட்ட முடியாது. 2005-ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் கீழ், அந்தச் சுரங்கத்தின் வடிவத்துக்கே கண்ணாடி இழை உறைகள் செய்து, உள்ளே நகர்த்திப் பொருத்தி, பின்னால் கிரவுட் நிரப்பினார்கள். உறைகளை இறக்குவதற்கு அங்கங்கே குழி தேவைப்பட்டது. சாலைச் சிறுபாலத்துக்கு அந்தக் கவலையும் இல்லை. இரண்டு வாயும் திறந்தே இருக்கிறது! சாக்கடையை விடச் சிறுபாலம்தான் இந்த முறைக்கு வசதியான பிள்ளை.

கணக்கில் ஏமாறும் இடம்

நண்பர்களே, இந்தப் பகுதியை மட்டும் கவனமாகப் படியுங்கள். நானே முதலில் தப்பு பண்ணினேன்.

900 மி.மீ. உள்விட்டமுள்ள பழைய கான்கிரீட் குழாய். அதற்குள் வெளிவிட்டம் 800, சுவர் கனம் 30 மி.மீ. உள்ள எச்.டி.பி.இ. குழாயை நுழைக்கிறோம். புது உள்விட்டம் 740 மி.மீ. தண்ணீர் போகுமா?

மேனிங் சூத்திரப்படி, நிறைந்து ஓடும் குழாயின் ஓட்டம், விட்டத்தின் 8/3 அடுக்குக்கு நேர்விகிதம், சொரசொரப்பு எண்ணுக்கு எதிர்விகிதம். (740/900) என்பதை 8/3 அடுக்குக்கு உயர்த்தினால் 0.59. பழைய கான்கிரீட்டுக்கு 0.015, வழவழப்பான எச்.டி.பி.இ.க்கு 0.010 என்று எடுத்தால் பெருக்கும் எண் 1.5. ஆக 0.59 x 1.5 = 0.89. "பரவாயில்லையே, 11 சதவீதம்தான் குறையுது" என்று நான் நோட்டில் எழுதி வைத்தேன்.

சார் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தண்ணீர் உள்ளே நுழைந்த பிறகு நடப்பதைச் சொல்லிட்டே. நுழையுமா?"

அங்கேதான் விஷயம். மலைப்பாதைச் சிறுபாலம் குட்டையானது, சரிவு அதிகம். உள்ளே போன தண்ணீர் வேகமாக ஓடிவிடும். எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை முடிவு செய்வது குழாயின் வழவழப்பு அல்ல, அதன் வாய்தான். தூக்குச்சட்டியில் புனல் வைத்து ஊற்றுவது போல. இதை வாய்க்கட்டுப்பாடு எனலாம். வாயின் பரப்பு 0.636 சதுர மீட்டரிலிருந்து 0.430 ஆகிறது. அதாவது மேலே அதே உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 32 சதவீதம் ஓட்டம் போச்சு! மேனிங் சொன்ன 11 எங்கே, இந்த 32 எங்கே?

இதற்கு ஓரளவு வைத்தியம் உண்டு. புதுக் குழாயை வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடக்கூடாது. மெல்லிய விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் நுழைவு இழப்பு எண் 0.9 வரை போகும். முகப்புச் சுவரோடு சமமாக வெட்டினால் 0.5. விளிம்பை உருட்டியோ சாய்த்தோ முடித்தால் 0.2. கொத்தனார் கரண்டியால் அரை நாளில் செய்கிற வேலை இது. அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் அந்த இடத்துக்கு ஸ்லிப்லைனிங் வேண்டாம். கனம் குறைந்த உறையையோ அடிப்பாகக் கான்கிரீட்டையோ பாருங்கள். அல்லது பக்கத்தில் இன்னொரு குழாயை ஜாக்கி வைத்துத் தள்ளுங்கள். ரயில் பாதைக்கு அடியில், ரயில் போக்குவரத்தை நிறுத்திவிடாமல், கான்கிரீட் பெட்டிகளைத் தள்ளிச் சுரங்கப்பாதை அமைப்பதும் இதே தத்துவம்தான்.

கிரவுட் போடும்போது மூட்டையை எண்ணுங்கள்

அதே உதாரணத்தில், 10 மீட்டர் நீளமுள்ள குழாய்க்குச் சந்தின் கொள்ளளவு சுமார் 1.34 கன மீட்டர். 50 கிலோ சிமெண்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 41 லிட்டர் கிரவுட் வரும். ஆகவே சுமார் 33 மூட்டை. 33-ல் நிறைந்துவிட்டால் சந்து மட்டும் நிறைந்தது. 50 மூட்டை போன பிறகும் நிறையவில்லை என்றால் வெளியே பொந்து இருக்கிறது அல்லது எங்கோ ஒழுகுகிறது. நின்று பார்க்க வேண்டும். 20 மூட்டையிலேயே "நிறைஞ்சிடுச்சு" என்று யாராவது சொன்னால், நிறையவில்லை, உள்ளே எங்கோ அடைத்திருக்கிறது. சிமெண்ட் மூட்டைக் கணக்கு இங்கே வெறும் காசுக் கணக்கு அல்ல, கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கும் கண்.

இன்னொரு ஆபத்து, மிதப்பது. கிரவுட் தண்ணீரைப் போல 1.8 மடங்கு கனம். எச்.டி.பி.இ. லேசு. ஒரே தடவையில் நிரப்பினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 800 கிலோவுக்கு மேல் குழாயை மேலே தூக்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் பள்ளிக்கூடத்தோடு முடியவில்லை! அதனால் கட்டை முட்டுக் கொடுத்து, இரண்டு மூன்று தவணையாக, ஒவ்வொன்றும் இறுகிய பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும்.

தண்ணீருக்கும் மனிதனுக்கும் பாதுகாப்பு

துணி உறையில் ஊறும் பிசினில் ஸ்டைரீன் என்ற வேதிப்பொருள் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சாலைச் சிறுபாலங்களுக்கு இந்த உறை போட்ட இடங்களில் ஓடை நீரைச் சோதித்தார்கள். சில இடங்களில் குடிநீருக்கான அளவையும் தாண்டி ஸ்டைரீன் இருந்ததை 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம்ம மலை ஓடைகள் எங்கே போகின்றன? 1965-ல் கட்டிய கோமுகி அணைக்குப் போகின்றன. அங்கிருந்து வயலுக்குப் போகின்றன. எனவே இந்த முறையைக் கையாண்டால் இறுகச் செய்த தண்ணீரை ஓடையில் விடாமல் பிடித்து அகற்ற வேண்டும், அல்லது ஸ்டைரீன் இல்லாத பிசின் கேட்க வேண்டும்.

மனிதனுக்கு வருவோம். சின்னக் குழாய்க்குள் ஆளை அனுப்பவே கூடாது. பெரிய குழாயானாலும் மேலே மலையில் மேகம் கருத்தால் உடனே வெளியே வர வேண்டும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை ஓடையில் வந்துவிடும். ஊருக்குள் இருக்கும் சிறுபாலத்தில் சாக்கடை கலந்திருந்தால் விஷவாயு இருக்கலாம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையில் மனிதனை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "சின்ன வேலைதானே, அஞ்சு நிமிஷம்" என்று நாளைக்கு நம் வாயிலிருந்து வரக்கூடாது. ஏனென்றால் நாளைக்கு சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப் போவது நாம்தான்.

அப்பா கேட்ட கேள்வி

இதையெல்லாம் ஒரு ராத்திரி அப்பாவிடம் ஆசையாக விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஏம்பா, வெட்டாமலே எல்லாம் செஞ்சுட்டா, வெட்டுற எங்களுக்குக் கூலி எவன் குடுப்பான்?" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கூலியில்தான் நான் டிப்ளமோ படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்.

பல நாள் யோசித்த பிறகு என் பதில் இதுதான். வெட்டும் வேலை குறையும், அதை மறைக்கக்கூடாது. ஆனால் மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சிறுபாலத்தையும் சுத்தம் செய்து, தட்டிப் பார்த்து, நோட்டில் எழுதி வைக்கும் வேலை இப்போது பெரும்பாலும் நடப்பதே இல்லை. அது நடந்தால்தான் வெட்டாத முறைக்கே அர்த்தம் உண்டு. பாதி செத்த குழாய்க்குத்தான் உறை போட முடியும், முழுசாக இடிந்து நசுங்கிய குழாய்க்குள் எதையும் நுழைக்க முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும். சீக்கிரம் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். அதற்குக் கல்லின் சத்தம் தெரிந்த ஆளை விட நல்ல ஆள் யார்? அப்பாவைக் குழாய்க்குள் படுக்க வைக்காமல், குழாய்க்கு வெளியே நிற்க வைத்து, அவர் அறிவுக்குக் கூலி கொடுக்கும் முறை வர வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது, படித்து சைட்டுக்குப் போகும் நம் பொறுப்பு.

"சரி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அப்பா படுத்துவிட்டார். அவர் ஒத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது.

முடிவுரை

நண்பர்களே, மூன்று கேள்விகளை மட்டும் மனதில் வையுங்கள். குழாய் தன் வடிவத்தில் நிற்கிறதா? அதன் பின்னால் மண் இருக்கிறதா? உறை போட்ட பிறகு தண்ணீர் நுழைய வாய் போதுமா? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகே எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் நான் எங்கள் ஊரிலிருந்து மலை ஏறும் ரோட்டில் உள்ள சிறுபாலங்களை ஒவ்வொன்றாக அளந்து எழுதப் போகிறேன். டேப், டார்ச், மூங்கில் கழி என்னிடம் இருக்கிறது. கடப்பாரையோடு அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார். கூட வர விருப்பமுள்ள சிவில் நண்பர்கள் விடுதியில் என்னைப் பார்க்கவும். சாப்பாடு எங்கள் வீட்டில்!



– மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு